பாய்க்குள் யார்?

“கம்பெனி வந்து என் வாசல்ல உட்காரட்டும். அப்புறம் பேசலாம்” என்றான் லெயிலுவா.

மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையின் வக்கீல் சிரிப்பை அடக்கப் பாடுபட்டார். “கம்பெனிங்கிறது காகிதத்துல இருக்கிற ஒரு பேருங்க. சம்பாதிக்கிறது மட்டும்தான் அதுக்குத் தெரியும். அது எப்படிப் பாயைப் போர்த்திட்டு உட்காரும்?”

“சம்பாதிக்கத் தெரியுதில்ல? தலை குனியவும் கத்துக்கட்டும்.”

தொழிற்சாலை கடலில் திறந்துவிட்ட கழிவுநீரில் ஊறிய சிப்பியைத் தின்றுதான் அவனுடைய ஏழு வயது மகள் மெலே செத்துப்போனாள்.

உயிர் போன வீட்டு வாசலில், குற்றம் செய்தவர் விறகும் கல்லும் வைத்துக்கொண்டு, தலையோடு பாய் போர்த்தி உட்காருவது எங்கள் ஸாமோவா வழக்கம். வெட்டினாலும் சரி, அடுப்பில் வைத்தாலும் சரி என்று அர்த்தம். வீட்டுக்காரன் பாயை விலக்கினால் மன்னித்தாயிற்று. உள்ளே யார் என்று எட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்ய முடியாது.

மறுநாள் விடிந்தபோது வாசலில் பாய் போர்த்திய ஓர் உருவம்.

“எவனோ கூலியாளைப் பிடிச்சு அனுப்பிட்டாங்கடா!” என்று நான்தான் முதலில் கத்தினேன்.

“மன்னிப்புக்கும் கான்ட்ராக்டா?” என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தோம்.

லெயிலுவா வெட்டுக்கத்தியோடு வெளியே வந்தான். சிரிப்பு நின்றுபோனது.

உச்சி வெயில் வரைக்கும் அவனும் நகரவில்லை, பாயும் அசையவில்லை. பிறகு பாய் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தள்ளாடி நிமிர்ந்தது.

“விலக்கிடாதே லெயிலுவா! கம்பெனிக்காரன் தப்பிச்சிடுவான்” என்றேன்.

“உள்ளே இருக்கிறது காகிதம் இல்லையேப்பா. பாரு, வேர்வை சொட்டுது.”

கத்தியைக் கீழே போட்டான். பெற்ற மகளைப் புதைத்த கை அது. அந்தக் கைதான் நீண்டு பாயை விலக்கியது.

உள்ளே, பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்ட அவன் தங்கை லோசா.

தங்கையை உயிருக்கு மேலாக வைத்திருக்கும் ஊர் எங்களுடையது. லெயிலுவா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

“நீ எதுக்கும்மா? அங்கே வேலை பார்க்கிறே, அவ்வளவுதானே? ஊரே கம்பெனியைத்தான் திட்டுது. உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லலையே!”

“அதைத்தான் அண்ணா தாங்க முடியலை. மேலிடத்துல திறக்கச் சொன்னாங்க. தண்ணி நாறுதுன்னு தெரிஞ்சும் கழிவுக் குழாயைத் திறந்தது நான்தான்.”