ஒன்றரை மணி நேரம்

"உள்ள போயிட்டா கதவை யாராலயும் திறக்க முடியாதா, சிஸ்டர்?"

கேட்டவள் முதல் நாள் சிகிச்சைக்கு வந்திருந்த பெண். இரும்பு உருளைக்குள் நீண்டு கிடந்த படுக்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பயப்படாதீங்கம்மா. காத்தழுத்தம் ஏறினப்புறம் சட்டுனு திறக்கக்கூடாது, அவ்ளோதான். கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுத்தான் திறப்போம். நான் மைக் முன்னாலயே உட்கார்ந்திருப்பேன்" என்றாள் நர்ஸ்.

"பயந்த சுபாவம். நான் பக்கத்துல இல்லேன்னா தண்ணிகூட குடிக்க மாட்டா" என்று சிரித்தான் கணவன். மனைவியின் செல்போன், வளையல், ஹேர்பின் எல்லாவற்றையும் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான். உள்ளே ஆக்சிஜன் போகும். ஒரு சின்னத் தீப்பொறிகூட ஆகாது.

ஆறு வருடத் தலைவலி. மாத்திரை, ஊசி, கண் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று. எதிலோ படித்துவிட்டு, இந்த ஆக்சிஜன் சிகிச்சைதான் வேண்டுமென்று அவளே பிடிவாதம் பிடித்தாளாம். "மைக்ரேனுக்கு இது உறுதியான வைத்தியம் இல்லம்மா. சிலருக்கு வந்த வலி கொஞ்சம் தணியலாம். வராமலே தடுக்கும்னு சொல்ல முடியாது" என்று டாக்டர் உடைத்துச் சொல்லியும் கேட்கவில்லை. சரி, தினம் ஒன்றரை மணி நேரம், பத்து நாள் பார்க்கலாம் என்று எழுதிக்கொடுத்தார்.

தினமும் கணவன்தான் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், உருளைக்கு நேராக நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவான். இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்ப்பான் என்று நர்ஸுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மைக்ரேன்காரர்களுக்கு வெளிச்சம் ஆகாதே என்று நர்ஸ் உள்விளக்கை அணைக்கப் போனால், "எரியட்டும் சிஸ்டர்" என்பாள் அந்தப் பெண். படுத்த ஐந்தாவது நிமிடம் அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிடுவாள். வெளியே வந்தால் தினமும் ஒரே பதில்: "இப்ப பரவால்ல."

பத்தாம் நாள். சிகிச்சைக்குக் கடைசி நாள். நர்ஸ் உருளையின் வட்டச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அந்தப் பெண் தூங்கவில்லை. ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றி நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு மேலே வெறித்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பட்டனை அழுத்தினாள். "என்னம்மா இது? மாஸ்க் போடாம படுத்திருந்தா தலைவலி எப்படிப் போகும்?"

"நான் பேசறது அவருக்குக் கேக்குமா?"

"கேக்காது. என் காதுக்கு மட்டும்தான் வரும்."

"இன்னும் பத்து நாள் எழுதித் தரச் சொல்லுங்க சிஸ்டர். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"மறுநாள் திரும்ப வலின்னுதானேம்மா வர்றீங்க. டாக்டர் எப்படி எழுதுவார்?"

ஹெட்போனில் ஒரு நீண்ட மூச்சு இரைந்தது. அந்தப் பெண் கணவனிருந்த பக்கம் முதுகைக் காட்டி ஒருக்களித்துப் படுத்தாள். மேலங்கியை விலாவுக்கு மேல் தூக்கினாள். கன்றிப்போன தடங்கள், பழையதன்மேல் புதியது.

"எனக்குத் தலைவலியே கிடையாது சிஸ்டர். ஆஸ்பத்திரின்னாதான் வாசல் தாண்ட விடுவார். டாக்டர் ரூம், ஸ்கேன் ரூம், எங்க போனாலும் கூடவே வந்துடுவார். இதுக்குள்ள மட்டும்தான் அவரால வர முடியல."

நர்ஸ் நிமிர்ந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, எல்லாம் சரிதானே என்று கையசைத்துக் கேட்டான் அவன். நர்ஸ் சிரித்த முகத்தோடு தலையாட்டினாள். பிறகு அவன் கண்ணில் படாதபடி தன் செல்போனை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மறுபடி பட்டனை அழுத்தினாள்.

"உங்களை வெளிய எடுக்க இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கும்மா. யாருக்குப் போன் பண்ணணும், சொல்லுங்க."