செல்லாத நியமனம்

வக்கீலம்மாவின் அறைக்குள் வந்தவர் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, மின்வாரியத் தலைவர் நியமனம் செல்லாதுன்னு தீர்ப்பு வாங்கிக் குடுத்துட்டீங்க. பத்து மாசம் கழிச்சு நேத்துதான் நிம்மதியா தூங்கினேன்."

காலையிலிருந்து வாரிய ஊழியர்கள் இப்படித்தான் வந்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். வக்கீலம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"பின்னே என்னங்க? விளம்பரம் இல்ல, நேர்காணல் இல்ல, மந்திரியோட தங்கச்சி புருஷன்ங்கறது ஒண்ணுதான் தகுதி! நிர்வாக இயக்குநரோட ஒப்பந்தத்தை இன்னும் அஞ்சு வருஷம் நீட்டிச்ச ஃபைல்ல, படிச்சுக்கூடப் பார்க்காம கையெழுத்துப் போட்டிருக்கார் அந்த ஆளு!"

"படிச்சாலும் புரிஞ்சிருக்காதும்மா" என்றார் வந்தவர், மேஜையில் ஃபைல்கள் மேல் படுத்திருந்த பூனையின் காதைத் தடவியபடி. "'அவருக்கு ஒரு ஃபியூஸ் போடத் தெரியுமா'ன்னு கோர்ட்ல கேட்டீங்களே, பின்வரிசையில முதல்ல சிரிச்சது நான்தான்."

"வாரியத்துல எந்தப் பிரிவுல வேலை பார்க்கறீங்க?"

"அந்த ஆளே நான்தாம்மா."

வக்கீலம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"மந்திரி மட்டுமா, மச்சானாச்சே. முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. எனக்காக நீங்க சொல்லிட்டீங்க."

அவர் பூனையின் காதை மெல்ல மடித்துப் பார்த்தார்.

"உள்ளே புண் இருக்கு. நாளைக்குத் தூக்கிட்டு வாங்க, மருந்து போட்டுடலாம். பூட்டிக் கிடந்த என் கிளினிக்கை இன்னைக்குக் காலையிலதான் திறந்தேன்."