தலைக்கு என்ன அடக்கம்?

உலகச் சண்டை வந்து பெட்ரோல் கிடைக்காமல் போனதும், என்னுடைய ராசிபுரம்-சேலம் பஸ்ஸுக்குப் பின்னால், கரி வாயுவில் ஓட்டுவதற்காக ஒரு கரி அடுப்பு மாட்டினேன். புகை வந்தது. லாபம் வரவில்லை.

ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கரி, டயர், சம்பளம் எல்லாம் சேர்த்துத் தலைக்கு அஞ்சணா அடக்கம். டிக்கெட் ஆறணா. பஸ்ஸோ தினமும் நிறைந்து போகிறது. அப்புறம் ஏன் நஷ்டம்?

கண்டக்டர் கந்தவேல் காசு அடிக்கிறான் என்று முடிவு கட்டினேன். நான் கணக்கில் புலி என்பது ஊரறிந்த விஷயம். ஊருக்குச் சொன்னதும் நான்தான்.

மறுநாள் அடையாளம் தெரியாமல் இருக்கத் துண்டைத் தலையில் போர்த்திக்கொண்டு பஸ் ஏறினேன்.

"வாங்க மொதலாளி! தலைவலிங்களா?" என்றது மொத்த பஸ்ஸும்.

முன் சீட்டில் என் மச்சான் கைலாசம், குடும்பத்தோடு அஞ்சு பேர். "நேத்து எங்க சித்தப்பா ஊட்டுல போனாங்க. இன்னிக்கு நாங்க சும்மா சேலத்தைப் பாத்துட்டு வரலாமுன்னு, மாப்ள!" என்று நகர்ந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்தேன்.

கந்தவேல் எங்களைத் தாண்டி டிக்கெட் கிழித்துக்கொண்டே போனான். கடைசி சீட்டில் நாலு தடியன்கள். அவர்களிடம் அவன் கையே நீட்டவில்லை!

"ஏப்பா, அவங்களுக்கு டிக்கெட்டு?"

"அவங்களுக்கு வேண்டாமுங்க."

"ஓசியா? உங்கப்பன் ஊட்டு பஸ்ஸா இது? சேலம் போனதும் டிக்கெட்டுப் பையைக் கழட்டிக் குடுத்துட்டுப் போயிரு!"

கந்தவேல் முகம் செத்துப்போயிற்று. மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். "சரிங்க" என்றான்.

மல்லூர் மேட்டில் பஸ் இருமியது. நின்றது.

யாரும் சொல்லாமலே அந்த நாலு பேரும் குதித்தார்கள். டிக்கெட் வாங்கினவர்கள்கூடப் பாரம் குறையட்டும் என்று இறங்கி நடந்தார்கள். நாலு பேரும் தம் கட்டித் தள்ளி, பஸ்ஸை மேடேற்றிவிட்டார்கள். நான் முதலாளியாயிற்றே, மச்சான் குடும்பத்தோடு உட்கார்ந்தே இருந்தேன்.

"யாருப்பா இவங்க?"

"மார்க்கெட்டுல மூட்டை தூக்கறவங்க. தள்ளறதுக்குன்னு ஆள் வெச்சா தலைக்கு எட்டணா கூலி கேப்பாங்க. சும்மா கூட்டிட்டு வந்தா தள்ளிக் குடுக்கறாங்க. இந்த மேட்டுக்கு வேற வழியில்லீங்க."

அஞ்சணா அடக்கத்தில் எட்டணா வேலை! புலிக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும் விடுவேனா? "இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று அவன்மேலேயே பாய்ந்தேன். "பை உங்கிட்டயே இருக்கட்டும்."

அவன் கண் கலங்கிவிட்டது. எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதை மறைக்க, சேலம் வந்ததும் தலைகளையும் டிக்கெட்டையும் எண்ண ஆரம்பித்தேன்.

"அந்த நாலு பேரையும் தள்ளுகூலியில கழிச்சாச்சு. அப்பவும் ஆறு தலை இடிக்குதே! காசும் குடுக்கல, எறங்கித் தள்ளவும் இல்ல. தினமும் இப்படி வந்தா நஷ்டம் வராம என்ன பண்ணும்? யாருப்பா அந்த வெக்கங்கெட்டவங்க?"

கந்தவேல் டிரைவரைப் பார்த்தான். டிரைவர் ரோட்டைப் பார்த்தான்.

"மாப்ள, நாளைக்கு எங்க சின்ன மாமன் ஊட்டுல வாராங்க. முன் சீட்டுச் சொல்லி வெச்சிருங்க" என்றார் மச்சான்.

நான் துண்டை எடுத்து மறுபடியும் தலையில் போர்த்திக்கொண்டேன்.

"தலைவலிங்களா மொதலாளி?" என்று கந்தவேல் மெதுவாகக் கேட்டான்.