பட்டை மேலே, பட்டை கீழே

அப்பா அடுக்கிலிருந்து ஒரு விறகை உருவினார். புரட்டிப் பார்த்தார். பட்டை மேலே வரும்படி திரும்பச் செருகினார்.

"எல்லாத்தையும் பிரிங்க."

எதிர்வீட்டு ஆர்ன்ஃபின் தலையில் கை வைத்துக்கொண்டார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். "யோவ் ஹால்வோர், போன சனிக்கிழமை பட்டை கீழ இருக்கணும்னு நீதானய்யா சொன்னே?"

"போன சனிக்கிழமை காத்து வடக்கேர்ந்து அடிச்சுது."

பக்கத்து வீட்டுப் பெண்மணி குட்வெய்க் கையுறையை இழுத்து மாட்டினார். "இந்தக் கிழவனோட குடித்தனம் பண்ணினவளுக்குச் சொர்க்கத்துல தனி நாற்காலி போட்டிருப்பாங்க."

மூவரும் பிரிக்கத் தொடங்கினார்கள். நான் சமையலறை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வாஃபிளுக்கு மாவு கரைத்தேன்.

எங்கள் பக்கத்தில் காரியம் இல்லாமல் யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. சும்மா பார்க்க வந்தேன் என்று சொன்னால் வந்தவருக்கும் கூச்சம், கதவைத் திறந்தவருக்கும் கூச்சம். ஆனால் ஒரு கை கொடுங்கள் என்று கூப்பிட்டால் மறுக்கமாட்டார்கள். எதற்கு என்று கேட்கவும் மாட்டார்கள்.

அம்மா இறந்தபின் அப்பாவின் பேச்சு வற்றிப்போனது. நான் இருக்கும் பெர்கன் நகரத்திலிருந்து ஃபோன் செய்தால், ஜன்னலில் தொங்கும் வெப்பமானியைப் படித்துச் சொல்வார். "மைனஸ் நாலு." வைத்துவிடுவார்.

ஒருநாள் அதையும் சொல்லவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

ரயிலேறி வந்தேன். அப்பாவின் முகம் பாதியாக இருந்தது. முதியோர் பகல்நேர மையத்துக்குப் போகலாமே, சீட்டாட நாலு பேர் இருப்பார்களே என்றேன்.

"பேச ஆளில்லன்னு நான் உன்கிட்ட வந்து அழுதேனா?"

அதற்கு அடுத்த வாரம் ஒரு டிராக்டர் நிறைய விறகு வந்து இறங்கியது. பாதி முற்றத்தில், பாதி பொதுப் பாதையில். காரை எடுக்க வழியில்லாமல் ஆர்ன்ஃபின் கையுறையோடு வந்தார். சத்தம் கேட்டு குட்வெய்க் வந்தார். அடுக்கி முடித்துக் காபி குடிக்க உட்கார்ந்தபோது, அப்பா மட்டும் எழுந்து அடுக்கை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

தப்பாக அடுக்கிவிட்டோம் என்றார்.

அன்றிலிருந்து அது சரியாக அமையவே இல்லை. ஒரு சனிக்கிழமை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு சனிக்கிழமை சுவரோடு ரொம்ப ஒட்டியிருந்தது. கிழக்குச் சுவரிலிருந்து மேற்குச் சுவருக்குப் போனது. அங்கே காற்றோட்டம் போதாதென்று திரும்பி வந்தது. ஆர்ன்ஃபினுக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட மாதத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அதில் உட்கார்ந்து சண்டை மட்டும் போட்டார்.

அப்பா வெப்பமானியை மறந்தேபோனார். "இந்த ஆர்ன்ஃபின் இருக்கானே, அவ்வளவு பெரிய பஸ்ஸ வளைச்சு வளைச்சு ஓட்டினவன், ஒரு கட்டைய நேரா வைக்கத் தெரியல பாரு" என்று ஃபோனில் ஆரம்பித்தால் நான் 'ம்' கொட்டக்கூட இடம் இருக்காது.

நான் வாஃபிளுக்கு மாவு கரைத்த அந்தச் சனிக்கிழமை பாதி அடுக்கு முடிவதற்குள் இருட்டிவிட்டது. இடப்பாதியில் பட்டை மேலே, பிரிக்காத வலப்பாதியில் பட்டை கீழே. மீதி அடுத்த வாரம் என்றார் அப்பா. பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்து மூன்று வாஃபிள் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை நான் பெர்கன் திரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை காலை சமையலறைத் திரை விலகவில்லை என்று குட்வெய்க் வந்து கதவைத் தட்டினாராம். காரியம் எதுவும் இல்லாமல் அவர் எங்கள் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை.

அப்பா தூக்கத்திலேயே போயிருந்தார்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தோம். தேவாலய வாசலில் இருவரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

மறுநாள் காலை முற்றத்தில் கட்டைகள் உருளும் சத்தம் கேட்டது. ஆர்ன்ஃபினும் குட்வெய்க்கும் கையுறையோடு நின்றிருந்தார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். இனிமேல் இது வேண்டாம், அவசியமில்லை என்றேன்.

"என்னம்மா பேசுற டோர்டிஸ்?" ஆர்ன்ஃபினுக்குக் கோபமே வந்துவிட்டது. "பாதில நிக்குது. குளிர் வேற வருது."

"பட்டை மேல," என்றார் குட்வெய்க்.

"கீழ."

"அவன் கடைசியா மேலன்னுதான்யா சொன்னான்."

"அவன் கெடக்கான். விறகப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்?" ஆர்ன்ஃபின் கையுறையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒரு கட்டையை எடுத்து என் கையில் திணித்தார். "நீ சொல்லு. மேலயா, கீழயா?"

கட்டை நன்றாகக் காய்ந்து, லேசாக இருந்தது.

எங்கள் வீட்டில் விறகு அடுப்பு கிடையாது. நான் பிறந்ததிலிருந்து மின்சார ஹீட்டர்தான். கூரையில் புகைபோக்கியும் இல்லை. பாதையிலிருந்து பார்த்தாலே தெரியும்.