நான்கு க்ளிக்

கேமராவைக் கண்ணில் வைத்தான்.

எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டரில் ராகு காலம்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

தெரியாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"நீங்களே எடுத்துட்டுப் போயிருங்கண்ணா. இங்க இருந்தா பார்த்துப் பார்த்து அழுகைதான் வருது" என்றாள் தேவகி. அவள் கணவன் சென்னியப்பன் போய்ப் பதினெட்டு நாளாகிறது.

கேமரா இரண்டு பேருக்கும் பொது. அவனும் சென்னியப்பனும் சேர்ந்து வாங்கியது. ஒரு வாரம் அந்த வீடு, ஒரு வாரம் இந்த வீடு. ஞாயிறு காலையில் சூலூர்க் குளக்கரையில் ஆளுக்கு அரை மணி நேரம். பறவைகளுக்கும் ஓரவஞ்சனை உண்டு. நல்ல மீன்கொத்தியெல்லாம் சென்னியப்பன் முறையில்தான் வந்து உட்காரும்.

கண்ணை வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டரின் ஓரத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சக்கரம் உண்டு. பார்க்கிறவன் கண்ணுக்கு ஏற்ப அதை க்ளிக் க்ளிக்கென்று திருப்பிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் உள்ளே எல்லாம் மங்கலாகத் தெரியும்.

அவர்களுக்கு அந்த வேலையே இருந்ததில்லை. ஒருவன் வைத்தது மற்றவனுக்கும் அப்படியே பொருந்தியது.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கண்ணு" என்று சென்னியப்பன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

மாசியில் ஒரு ஞாயிறு, சென்னியப்பன் கையிலிருந்து வாங்கியபோது சக்கரம் ஒரு க்ளிக் தள்ளியிருந்தது.

அவன் திருப்பிச் சரிசெய்தான்.

அடுத்த மாதம் இரண்டு.

சித்திரையில் நான்கு.

வேறு யாராவது என்றால், டாக்டரிடம் கண்ணைக் காட்டினாயா என்று கேட்டிருப்பார்கள். அவனுக்கு அது தோன்றவில்லை. கோளாறு என்றால் பொருளில்தான் இருக்கும் என்று நம்புகிற ஜாதி அவன். கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் பத்து நிமிடத்தில் கழற்றிப் பாய் முழுக்கப் பரப்பிவிடுவான். கேமராவுக்குப் புது சாஃப்ட்வேர் வந்தால் அன்றைக்கே ஏற்றிவிட்டுத்தான் சாப்பிடுவான்.

சக்கரம் லூசாகிவிட்டது, பையில் உரசி உரசித் திரும்புகிறது என்று முடிவு கட்டினான். தன் கண்ணுக்குச் சரியாக வைத்து, மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிட்டான்.

"மங்கலா இருக்குதுடா" என்றான் சென்னியப்பன்.

"லென்ஸ் தானா ஃபோகஸ் பண்ணிக்கும். நீ பட்டனை மட்டும் அமுக்கு."

சென்னியப்பன் அமுக்கினான். படம் கூர்மையாக வந்தது. பார்த்தாயா என்று அவன் சிரித்தான். சென்னியப்பனும் சிரித்தான்.

அதற்குப் பிறகு சென்னியப்பன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அரை மணி நேரம் முடியும் முன்பே கேமராவைக் கொடுத்துவிடத் தொடங்கினான். "நீ எடுடா, நான் போயி ஒரு டீ குடிக்கறேன்" என்பான். அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம். மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொள்வான்.

ஆவணியில் சென்னியப்பனுக்குத் தலைவலி வந்தது.

வலது கண்ணுக்குப் பின்னால் கட்டி. அங்கிருந்து மூளைக்குப் போய்விட்டது. ஒரு கண் பழுதானால் மற்றக் கண் ஈடுகட்டிவிடும், பல பேருக்கு அது தெரிவதே இல்லை என்றார் டாக்டர். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார்.

வலது கண்ணை மட்டும் வைத்துச் சென்னியப்பன் உலகத்தைப் பார்த்தது இந்தக் கேமராவில்தான்.

அந்தக் கண் கெட்டுக்கொண்டே போனதை க்ளிக் க்ளிக்காகப் பார்த்த ஒரே ஆள் அவன்.

டேப்பை விரலால் தடவினான். ஓரம்கூடப் பிரியவில்லை. தன் வீட்டில் இருந்த வாரங்களிலும் சென்னியப்பன் அதில் கை வைக்கவில்லை. நண்பன் ஒட்டியது என்று அப்படியே விட்டிருக்கிறான்.

"அண்ணா" என்றாள் தேவகி. "உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாருங்களா? கண்ணு சரியாத் தெரியலைன்னு?"

எந்த ஞாயிறு என்று அவனால் தேதியோடு சொல்ல முடியும்.

"இல்லம்மா. ஒண்ணும் சொல்லல."

அவள் தலையாட்டினாள். கேமராவை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

உள்ளறையில் சென்னியப்பனின் அக்கா போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். மெதுவாகப் பேசுவது அவளுக்கு வராது.

"கூடவே குடித்தனம் பண்ணுனவளுக்கே தெரியலையாமா. புருசன் கண்ணு போறதுகூடத் தெரியாம அப்படி என்ன பொழப்பு?"

தேவகி காதில் விழாதவள்போல் பையின் ஜிப்பை இழுத்தாள். பாதியில் சிக்கியது. திரும்ப இழுத்தாள். பதினெட்டு நாளும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் வாசலுக்கு வந்தான்.

செருப்பைப் போட்டான்.

வண்டிச் சாவியைக் கையில் எடுத்தான்.

அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. சொல்லிவிட்டால் இந்த வீட்டில் இனி ஒரு வாய்த் தண்ணீர்கூடத் தரமாட்டார்கள்.

உள்ளே அக்காவின் குரல் இன்னும் ஓயவில்லை.

செருப்பைக் கழற்றினான்.

நேராக உள்ளறைக்குப் போய் அக்காவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தான்.

"போனை வெய்யுங்கக்கா" என்றான். "தேவகி, நீயும் வந்து உட்காரும்மா."