ஃபேனுக்காக ஒரு கொலை

“அம்மா, கொலைகாரனை வெளியே கொண்டு வந்துட்டேன்மா!”

கோர்ட் வராந்தாவில் நின்று போனில் கத்திய வக்கீலம்மாவைப் பார்த்து, விலங்கோடு போன கைதி ஒருவனே பயந்து ஒதுங்கினான். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கறுப்புக் கோட்டு போட்ட பிறகு அவள் ஜெயித்த முதல் ஜாமீன் மனு அது.

கேஸும் லேசுப்பட்டதல்ல. கண்ணாடிக் கடை நடத்திய இரண்டு கூட்டாளிகளுக்குள், ஃபேன் யார் பக்கம் திரும்ப வேண்டும் என்று சண்டை. ஒருத்தன், “உன்னைக் கொன்னுடுவேன்டா!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தியிருக்கிறான். மறுநாள் கடை முழுக்க உடைந்த கண்ணாடியும் ரத்தமும்தான் கிடந்தன, மற்றவனைக் காணவில்லை. குத்திக் கொன்று ஆற்றில் வீசிவிட்டான் என்று போலீஸ் இவனை அள்ளிக்கொண்டு போய்விட்டது.

“ஆத்துல எவ்வளவு தேடியும் ஒண்ணும் கிடைக்கலையே, ஐயா!” என்று அவள் போட்ட போட்டில் நீதிபதி இறங்கி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை. கோர்ட் கலைவதற்குள் யாராவது ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் ஜெயில்தான்.

அங்கேதான் வசமாக மாட்டிக்கொண்டாள். கொலை என்ற வார்த்தையைக் கேட்டதுமே அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் கம்பி நீட்டிவிட்டார்கள். அவனுடைய சித்தப்பா, “எனக்கு நல்ல ஜுரம்மா” என்று போனில் முனகினார். பின்னால் சினிமா தியேட்டர் விசில் கேட்டது. கூண்டில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றவனைப் பார்க்க அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது தோளில் பயணப் பையோடு ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். வலது கையில் அழுக்கேறிய கட்டு.

“கண்ணாடிக் கடைக்காரன் கேஸ் இங்கதானேம்மா? பஸ்ல முன்சீட்டுக்காரர் பேப்பர்ல அவன் போட்டோ! பாதி படிக்கிறதுக்குள்ள மனுஷன் மடிச்சுட்டார். கொலையாமே? அவன் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்கமாட்டானே!”

“நீங்க அவருக்கு என்ன வேணும்?”

“சின்ன வயசு சிநேகிதன்மா. அடிச்சுக்குவோம், சேர்ந்துக்குவோம்.”

“ஜாமீன் கையெழுத்துப் போடுவீங்களா?”

“ஒண்ணு என்ன, ஒம்பது போடறேன். கை சரியில்ல, கொஞ்சம் கோணலா வரும்.”

“தலைகீழா வந்தாலும் பரவாயில்ல, வாங்க!”

பெயரைக்கூடக் கேட்காமல், அவருடைய பையைத் தானே பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். நீதிபதி நாற்காலியை விட்டு எழுந்துகொண்டிருந்தார். “ஐயா, ஆள் வந்தாச்சு!” என்று அவள் கூவிய கூவலில், மூலையில் தூங்கிக்கொண்டிருந்த போலீஸ்காரர் எழுந்து சுவருக்கு சல்யூட் அடித்தார்.

கிளார்க் சிரிப்பை அடக்கிக்கொண்டு தாளை நீட்டினார். வந்தவர் பேனாவை வாங்கிக்கொண்டு, கூண்டுப் பக்கம் திரும்பினார்.

“கவலைப்படாதடா, நான் இருக்கேன். அது சரி, நீ யாரைக் கொன்னே?”

கூண்டிலிருந்தவன் மெல்லத் தலையை நிமிர்த்தினான். கண்ணைக் கசக்கிவிட்டு இன்னொரு தடவை பார்த்தான். பிறகு கட்டிடமே அதிரும்படி அலறினான்.

“உன்னைத்தான்டா!”