மூன்றாவது சுவிட்ச்

"கொரின், இங்க வந்து பாரு. அந்த ஆளு இன்னைக்கும் வயரும் கையுமா உட்கார்ந்துட்டான்."

வெர்னன் ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கிக்கொண்டு நின்றார்.

"உட்கார்ந்தா உட்காரட்டும். அவர் வண்டி, அவர் வயர்," என்றாள் மனைவி, பான்கேக்கைத் திருப்பிப் போட்டபடி.

எதிர்வீட்டு டெல்மர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பனி உருகியதும் ஸ்போகேன் நகரத்து ஏலத்துக்குப் போய், போலீஸ் கழித்துக் கட்டிய வெள்ளை மோட்டார் சைக்கிள் ஒன்றை எடுத்து வந்திருந்தார். சைரனையும் சிவப்பு நீல விளக்கையும் கழற்றிக்கொண்டுதான் கொடுத்திருந்தார்கள். ஹேண்டில்பாரில் மூன்று சுவிட்சுகள் மட்டும் எதற்கும் ஆகாமல் மிஞ்சி நின்றன. அவற்றுக்கு ஏதாவது வேலை கொடுப்பதே இப்போது டெல்மருக்கு முழுநேர வேலை.

வெர்னனுக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. போன மாதம் கார் கண்ணாடியில் அதைப் பார்த்து, போலீஸ் என்று பதறி, ஓரம் கட்டி, லைசென்ஸை எடுத்து நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டெல்மர் கையை ஆட்டி "குட் மார்னிங்" சொல்லிவிட்டுப் போய்விட்டார். தெருக் காவல் குழுவின் தலைவரான அவருக்கு இது எவ்வளவு பெரிய அவமானம்.

"சத்தியமா சைரன்தான் மாட்டறான். நான் ஷெரீஃப் ஆபீசுக்கு போன் பண்றேன்."

கொரின் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "வேணாங்க. அக்கம்பக்கத்துல எதுக்கு வம்பு?"

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?"

கால் மணியில் கீகன் என்ற இளம் போலீஸ்காரர் டெல்மர் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். வெர்னன் வீட்டுச் செருப்போடு தெருவைக் கடந்து அவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"டெல்மர் ஐயா, உங்க மேல ஒரு புகார்," என்றார் கீகன். "வண்டியில சைரனோ போலீஸ் விளக்கோ இருந்தா, வண்டியை இப்பவே எடுத்துட்டுப் போகணும்."

டெல்மருக்கு முகம் சுருங்கிப்போனது. மனைவி போனபின் அந்த மனிதருக்குப் பேச்சுத்துணை என்று இருந்தது அந்த வண்டி ஒன்றுதான்.

"அதெல்லாம் இல்லீங்க சார். நீங்களே பார்த்துக்கங்க."

சாவியைத் திருகி முதல் சுவிட்சைத் தட்டினார். முன்னால் இரண்டு மஞ்சள் விளக்குகள் எரிந்தன.

"மூடுபனிக்கு," என்றார்.

இரண்டாவதைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை.

"பாத்தீங்களா தம்பி, மறைக்கிறான்," என்றார் வெர்னன்.

"கைப்பிடியைத் தொட்டுப் பாருய்யா," என்றார் டெல்மர்.

வெர்னன் தொட்டார். சூடாக இருந்தது. கையைப் பட்டென்று எடுத்துக்கொண்டார்.

"குளிர்ல விரல் மரத்துப்போகுது. வயசாகுதுல்ல," என்றார் டெல்மர்.

"சரி, மூணாவது?" என்றார் கீகன்.

டெல்மரின் கை அப்படியே நின்றது. வெர்னனைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"அது வேண்டாம் சார்."

"ஏன்?"

"சும்மா... வேண்டாமே."

வெர்னனுக்கு வாயெல்லாம் பல். "நான் சொல்லலை? அமுக்குங்க தம்பி. இந்தத் தெருவே கேக்கட்டும்."

கீகன் அமுக்கினார்.

சைரன் சத்தம் வரவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் கடகடவென்று ஏதோ உருண்டது. மூவரும் திரும்பினார்கள். வெர்னன் வீட்டுக் கார் ஷெட்டின் கதவு, ராஜா வருவதற்குத் திறப்பது போல மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

வெர்னன் கதவை நோக்கிக் கையை நீட்டினார். குரல் கத்தலாக வந்தது.

"திருடன். என் வீட்டுக் கதவுக்கே சுவிட்ச் வச்சிருக்கான். தம்பி, விலங்கை எடுங்க."

கீகனின் குரல் மாறிவிட்டது. "ஐயா, அவர் வீட்டுக் கதவைத் திறக்கிற ரிமோட் உங்க வண்டியில எதுக்கு?"

டெல்மர் முன்னால் வந்தார். "தப்புதான் சார். என் கதவுன்னு நெனச்சு மாத்தி இணைச்சுட்டேன்."

"அவர் வீட்டு ரிமோட் உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

டெல்மர் வண்டியின் டேங்கை ஒருமுறை தடவிவிட்டு, சாவியை உருவி கீகனிடம் நீட்டினார்.

"வண்டியை எடுத்துட்டுப் போங்க. என்ன எழுதணுமோ எழுதிக்கங்க."

"எழுதுங்க, நல்லா எழுதுங்க," என்றார் வெர்னன்.

"எதையும் எழுத வேணாம் சார். ரிமோட்டைக் குடுத்தது நான்."

கொரின்தான். மாவுக் கையோடு தெருவின் நடுவில் நின்றிருந்தாள்.

"கொரின், விடும்மா," என்றார் டெல்மர் அவசரமாக. "வண்டிதானே, போகட்டும்."

"நீங்க சும்மா இருங்க." அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "வேலை நாள்ல நான் ஏழு மணிக்கே போயிடறேன். அதுக்கப்புறம் நீங்க காபி குடிக்கக் கெளம்பறப்ப, பாதி நாள் ஷெட் கதவை மூட மறந்துட்டுப் போயிடறீங்க வெர்னன். ரெண்டு மாசமா இப்படித்தான்."

"நானா? நான் மறக்கறேனா?"

"டெல்மர்தான் முதல்ல பார்த்துட்டு வந்து எங்கிட்ட ரகசியமா சொன்னார். அப்பல்லாம் பின்னாலேயே வந்து மூடிட்டுப் போறதும் இவர்தான். உங்ககிட்ட சொல்லிடலாம்னுதான் நான் சொன்னேன். 'தெருவுல ஒவ்வொரு வீடா ஏறி கதவை மூடுங்கன்னு சொல்ற மனுஷன் அவன், தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவான், வேணாம்மா, ரிமோட்டை மட்டும் குடு, இங்கேருந்தே மூட நான் ஒரு சுவிட்ச் போட்டுக்கறேன்'னு இவர்தான் தடுத்துட்டார்."